கியர்பெட்டியை இறக்கும் முன்: ஹை ஸ்டால் கன்வர்ட்டர் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிரிப்பது

ஹை ஸ்டால் டார்க் கன்வர்ட்டர் போட்ட வண்டியைப் பார்த்த மாத்திரத்தில் "கியர்பெட்டியை இறக்கிவிடலாம்" என்று சொல்லும் பட்டறையில் சாவியைக் கொடுக்காதீர்கள். டார்க் கன்வர்ட்டர் என்பது எஞ்சினுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிக்கும் நடுவே ஆயில் வழியாக விசையைக் கடத்தும் உறுப்பு, அதில் அதிகச் சுற்றில் பிடிக்கும் வகைதான் ஹை ஸ்டால். எஞ்சின் சுற்றைக் காட்டும் டேகோமீட்டர், ஆயில் சூட்டைக் காட்டும் மீட்டர், ஒரு தாள், ஒரு பென்சில் ஆகியவை முதலில் வேலை செய்யட்டும். ஸ்பானர் அதற்குப் பிறகு வரட்டும். இந்த வகை வண்டிகளில் வரும் புகார்களில் பல, கோளாறே அல்ல. கோளாறாக இருப்பவற்றிலும் பல, கன்வர்ட்டரில் இல்லை.

சென்னையில் இப்படிப்பட்ட வண்டிகள் எண்ணிக்கையில் குறைவுதான். வி8 எஞ்சினுக்கு மாற்றிய கான்டெசா, பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியோடு நிற்கும் பழைய இம்பாலா, 2016-இல் இங்கே விற்பனைக்கு வந்த மஸ்டாங் போன்றவற்றில் ஆர்வலர்கள் செய்துகொள்ளும் மாற்றம் இது. உங்களுடையது ஏஎம்டி (கிளட்சைக் கணினி இயக்கும் மேனுவல் கியர்பெட்டி) வகை என்றால் உள்ளே கன்வர்ட்டரே கிடையாது. இதில் உள்ள எதுவும் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது.

ஸ்டால் எண் என்பது என்ன என்பதில் தெளிவு இல்லாவிட்டால் கீழே உள்ள எதுவும் உதவாது. சக்கரம் அசையாமல் பிடித்திருக்கும்போது, முழு ஆக்சிலரேட்டரில் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுக்கு மேல் ஏற முடியாமல் நிற்கிறதோ, அதுதான் ஸ்டால். அந்த நிலையில் கன்வர்ட்டர் எஞ்சினின் முறுக்குவிசையை ஏறத்தாழ இரு மடங்காக்கித் தருகிறது. கியர்பெட்டிப் பக்கச் சக்கரமான டர்பைன், எஞ்சின் பக்கச் சக்கரமான இம்பெல்லரின் வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை எட்டும்போது அந்தப் பெருக்கம் மறைந்துவிடும். கன்வர்ட்டரின் விட்டம் குறையக் குறைய ஸ்டால் உயரும். 12 அங்குலக் கன்வர்ட்டரை எடுத்துவிட்டு 10 அங்குலத்தைப் போடுவது இதற்காகத்தான்.

பெட்டியில் அச்சிட்ட 3,000 என்ற எண் கன்வர்ட்டருக்கு மட்டும் சொந்தமானதல்ல. உங்கள் எஞ்சினும் அதில் பங்காளி. ஸ்டால், முறுக்குவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்து நகரும். 400 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சினில் 3,000 காட்டும் கன்வர்ட்டர், 300 நியூட்டன் மீட்டர் எஞ்சினில் 2,600-தான் காட்டும். விற்றவர் ஏமாற்றவில்லை, எஞ்சின் மாறிவிட்டது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் ஆயிலை முதலில் பாருங்கள். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், ஆயில் சூடாக இருக்க வேண்டும். பெரும்பாலான கியர்பெட்டிகளில் எஞ்சின் ஓடும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. நுரைத்திருந்தால் அளவு கூடியிருக்கும், அல்லது பம்பு காற்றை உறிஞ்சியிருக்கும். ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டியில் காற்றுத் துளை வழியாகவோ டிப்ஸ்டிக் குழாய் வழியாகவோ அது புகுந்திருக்கலாம். வெள்ளம் காணாத வண்டி என்றால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்திருக்கிறது. மூடியைத் திறந்து கூலன்டில் எண்ணெய் மிதக்கிறதா என்று பாருங்கள். எந்த வழியில் வந்தாலும், கிளட்ச் தட்டில் ஒட்டிய காகித உறையைத் தண்ணீர் உரித்துவிடும். ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டினால் செலவு தள்ளிப்போகுமே தவிரக் குறையாது.

ஸ்டால் சோதனை செய்யும் முறை

ஆயில் 70 டிகிரியைத் தாண்டியிருக்கட்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, கைபிரேக், காலால் முழு பிரேக். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது, பின்னாலும்தான். டிரைவில் போட்டு ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தவுடன் காலை எடுங்கள். அதிகபட்சம் ஐந்து நொடி. பிறகு நியூட்ரலில் ஓரிரு நிமிடம் 1,000 சுற்றில் ஓடவிட்டு ஆயிலைக் குளிரவிடுங்கள். அதற்குப் பின்தான் ரிவர்ஸில் அடுத்த சோதனை.

ஏன் ஐந்து நொடி? 400 நியூட்டன் மீட்டர் எஞ்சின் 3,000 சுற்றில் நிற்கும்போது சுமார் 125 கிலோவாட் சக்தி வெளியே போக வழியில்லாமல் ஆயிலைச் சூடாக்குகிறது. கன்வர்ட்டருக்குள் 4 லிட்டர் ஆயில் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 18 டிகிரி ஏறும். உலோகம் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும் என்றாலும் பத்து நொடி பிடித்தால் சீல்கள் கருகும். "இன்னும் ஒருமுறை மிதி, சரியாகப் பார்க்கவில்லை" என்று சொல்லும் நண்பரைச் சோதனைக்கு அழைக்காதீர்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். புதிய வண்டிகளில் இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்தால் கணினியே எஞ்சின் சக்தியைக் குறைத்துவிடும். அங்கே இந்தச் சோதனை காட்டும் எண்ணுக்குப் பொருளில்லை. பழைய வண்டிகளில், நல்ல எஞ்சின் பின்சக்கரங்களை பிரேக்கையும் மீறித் தள்ளிவிடும். அதனால் சோதனையில் 2,200 வந்தது என்பதற்காக ஸ்டால் 2,200 என்று முடிவு கட்ட முடியாது. சரியான எண் வேண்டுமென்றால் கியர்பெட்டியைப் பூட்டும் டிரான்ஸ்பிரேக் வேண்டும். அல்லது ஐடிலிலிருந்து ஒரே மிதியில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து, வண்டி பாயும் கணத்தில் முள் எங்கே தாவி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது சோதனையைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவு பத்து மணிக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். காவல்துறை வண்டியைப் பறிமுதல் செய்வது ஒருபுறம், இருட்டில் சாலை நடுவே படுத்திருக்கும் மாடு மறுபுறம்.

"சத்தம்தான் ஏறுகிறது, வண்டி நகரவில்லை"

புதிதாக மாட்டியவர்களின் முதல் புகார் இது. 3,000 ஸ்டால் என்றால் 3,000 வரை வண்டி அசையாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அது தவறு. முன் சொன்ன வர்க்கமூலக் கணக்கையே திருப்பிப் போடுங்கள். எஞ்சின் கால் பங்கு விசை மட்டும் தரும்போது கன்வர்ட்டர் 1,500-இலேயே பிடித்துக்கொள்ளும். சமதளத்தில் மெல்ல மிதித்து நகரும்போது முள் 1,500-ஐ ஒட்டி நின்றால் எல்லாம் சரி. 2,500 வரை போயும் வண்டி தவழ்ந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

கன்வர்ட்டரின் வழுக்கலுக்கும் கியர்பெட்டி கிளட்ச் வழுக்கலுக்கும் குணம் வேறு. கன்வர்ட்டர் எல்லா கியரிலும் ஒரே மாதிரி, மிதிக்கு ஏற்பச் சீராக வழுக்கும். வேகம் கூடக் கூட வழுக்கல் குறையும். கிளட்ச் தட்டு, கியர் மாறும் கணத்திலோ ஒரே ஒரு கியரிலோ திடீரென்று எஞ்சினைக் கதறவிடும். லாக்-அப் (வேகம் பிடித்ததும் கன்வர்ட்டரை வழுக்காமல் பூட்டும் கிளட்ச்) பிடித்த பிறகு வழுக்கல் பூச்சியமாக இருக்க வேண்டும். அப்போதும் முள் ஏறினால் அது கன்வர்ட்டரின் இயல்பு அல்ல, பழுது.

கோடம்பாக்கம் மேம்பாலத்து ஏற்றத்தில் பிரேக்கை விட்டால் பின்னால் உருள்கிறது என்பார்கள். ஐடில் சுற்றில் இந்தக் கன்வர்ட்டர் குறைவாகத்தான் தள்ளும், ஆகவே உருளத்தான் செய்யும். பிரேக்கால் நிறுத்துங்கள். ஆக்சிலரேட்டரால் ஏற்றத்தில் தாங்கிப் பிடிப்பது, மெதுவாக நடத்தும் ஸ்டால் சோதனைதான்.

ஸ்டால் எண் குறைவாக வருகிறது

கால் பிரேக்கால் எடுத்த எண் என்றால் முதலில் நம்பாதீர்கள். டிரான்ஸ்பிரேக்கிலும் குறைவாக வந்தால் எஞ்சினைச் சந்தேகியுங்கள். கம்ப்ரெஷன், பற்றவைப்பு நேரம், ஆக்சிலரேட்டர் கேபிள் முழுதாகத் திறக்கிறதா என்பது வரை. கத்திரி வெயிலையும் கணக்கில் சேருங்கள். டிசம்பர் காலையின் 22 டிகிரிக் காற்றைவிட மே மதியத்தின் 40 டிகிரிக் காற்று சுமார் 6 சதவீதம் அடர்த்தி குறைந்தது. டர்போ இல்லாத எஞ்சினில் இது மட்டுமே 3,000-இல் ஏறத்தாழ 90 சுற்றைக் குறைத்துவிடும்.

அறுநூறு, எழுநூறு சுற்று குறைந்தால் கதை வேறு. எஞ்சின் நன்றாக இருந்தும் இவ்வளவு விழுந்தால், ஸ்டேட்டரின் (ஆயிலைத் திருப்பிவிட்டு விசையைப் பெருக்கும் நடுச்சக்கரத்தின்) ஒருவழி கிளட்ச் உடைந்து இரு திசையிலும் சுற்றுகிறது. விசைப் பெருக்கம் போய்விடும். புறப்பாடு படுமந்தமாக இருக்கும், ஆனால் ஜிஎஸ்டி சாலையில் 80-ஐப் பிடித்தபின் எந்தக் குறையும் தெரியாது. இதே கிளட்ச் எதிர்வகையில் கெட்டு, ஸ்டேட்டர் சுழலாமல் இறுகிவிட்டால் அறிகுறியும் தலைகீழாகும். புறப்பாடு அருமையாக இருக்கும், ஸ்டால் எண்ணும் சரியாக இருக்கும், ஆனால் வேகம் ஏறாது, நெடுஞ்சாலையில் சூடு தாறுமாறாக ஏறும். இறக்கிப் பார்த்தால் கன்வர்ட்டரின் உடல் நீலம் பாய்ந்திருக்கும்.

ஸ்டால் எண் கூடுதலாக வருகிறது

இது பெரும்பாலும் கியர்பெட்டியின் புகார். டிரைவில் மட்டும் கூடினால் முன்னோக்குக் கிளட்ச், ரிவர்ஸில் மட்டும் கூடினால் ரிவர்ஸுக்கான கிளட்ச் அல்லது பேண்டு (டிரம்மை இறுக்கிப் பிடிக்கும் பட்டை). இரண்டிலும் கூடினால் ஆயில் அளவு, ஃபில்டர், பம்பு அழுத்தம் என்ற வரிசையில் பாருங்கள். எஞ்சினை வலுப்படுத்திய பிறகு கூடியிருந்தால் அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கூடுதல்தான்.

ஆயில் சூடாகிறது

சென்னையில் மற்ற எல்லாப் புகாரையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மீட்டரின் உணரி எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதே முதல் கேள்வி. கன்வர்ட்டரிலிருந்து கூலருக்குப் போகும் குழாயில் இருந்தால் மிகச் சூடான இடத்தைக் காட்டும். அங்கே புறப்பாட்டின்போது கணநேரம் 140, 150 வந்து இறங்குவது சாதாரணம். அடித்தட்டில் இருந்தால் 80 முதல் 95 வரை நல்லது, 110-ஐத் தாண்டினால் ஓரங்கட்ட இடம் தேடுங்கள். இரண்டு நண்பர்கள் தங்கள் வண்டி எண்களை ஒப்பிட்டுச் சண்டையிடும்போது, உணரிகள் வெவ்வேறு இடத்தில் இருப்பதை யாரும் கேட்பதில்லை. 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகிறது என்பது இந்தத் தொழிலில் காலங்காலமாக வழங்கும் கணக்கு.

வடபழனி சிக்னலில் நிற்பதுதான் சூட்டுக்குக் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. நமது 3,000 ஸ்டால் கன்வர்ட்டர், டிரைவில் 800 சுற்றில் நிற்கும்போது சுமார் 2.4 கிலோவாட் சூட்டைத்தான் உண்டாக்குகிறது. கம்பெனி போட்ட 1,800 ஸ்டால் கன்வர்ட்டர் அதே 800-இல் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் சூடாக்கும், ஏனென்றால் அது எஞ்சினை இறுக்கிப் பிடிக்கிறது. நிற்பது அல்ல, ஊர்வதுதான் எதிரி. ஒவ்வொரு முறை 1,800 வரை மிதித்துப் பத்தடி நகரும்போதும் பத்து கிலோவாட்டுக்கு மேல் ஆயிலுக்குள் போகிறது. ஆகவே நெரிசலில் இடைவெளி விட்டு, பிரேக்கில் நின்று, மொத்தமாக ஐம்பதடி நகருங்கள். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார், அது கியர்பெட்டியைப் பாதிக்காது.

அடுத்தது கூலர். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர், கூலன்டின் சூட்டுக்குக் கீழே ஆயிலைக் கொண்டுவர முடியாது. கூலன்ட் 95-இல் இருக்கும் மே மாதத்தில் அதனிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. தகடுகளை அடுக்கிய வெளிக் கூலர் ஒன்று, அதற்கென்று தனி மின்விசிறி, ஏசி கன்டென்சரின் வெப்பக்காற்று படாத இடம் என்று மூன்றும் வேண்டும். கன்டென்சருக்குப் பின்னால் சொருகிய கூலரை நான் கூலர் என்று கணக்கில் எடுப்பதில்லை.

கூலர் இருந்தும் சூடானால் ஓட்டத்தை அளந்துவிடுங்கள். திரும்பி வரும் குழாயைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் விட்டு, 1,000 சுற்றில் 20 நொடி ஓட்டினால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வர வேண்டும். வராவிட்டால் கூலர் அடைத்திருக்கிறது, அல்லது குழாய் நசுங்கியிருக்கிறது. இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் கியர்பெட்டியை இறக்குகிறவர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு.

நகரில் சரியாக இருந்து, வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் சீராகப் போகும்போது சூடேறினால் லாக்-அப் பிடிக்கவில்லை. சரிபார்ப்பது எளிது. மணிக்கு 80 கிலோமீட்டர், டயர் விட்டம் 0.66 மீட்டர், அச்சு விகிதம் 3.73, ஓவர்டிரைவ் (உச்ச கியர்) 0.70 என்றால் வழுக்கலே இல்லாதபோது எஞ்சின் 1,680-இல் ஓட வேண்டும். டேகோமீட்டர் 2,000 காட்டினால் 16 சதவீதம் வழுக்குகிறது, அதில் வீணாவது முழுதும் சூடு. லாக்-அப்பே இல்லாத கன்வர்ட்டர் என்றால் ஓவர்டிரைவை விலக்கி மூன்றாவது கியரில் ஓட்டுங்கள். பெட்ரோல் கொஞ்சம் போகும், கியர்பெட்டி பிழைக்கும்.

60, 70 வேகத்தில் நடுக்கம்

கரடுமுரடான சாலையில் ஓடுவதுபோல் ஓரிரு நொடி அதிர்ந்து நின்றால், லாக்-அப் கிளட்ச் பிடிப்பதற்கும் விடுவதற்கும் இடையில் தடுமாறுகிறது. ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் இடது காலால் பிரேக்கைத் தொடுங்கள். பல வண்டிகளில் அந்தத் தொடுதலே லாக்-அப்பை விடுவித்துவிடும். நடுக்கம் நின்றால் லாக்-அப், நிற்காவிட்டால் ஸ்பார்க் பிளக், காயில் பக்கம் போங்கள். ஆயில் வகை மாறியிருந்தாலும் இதே நடுக்கம் வரும். புட்டியில் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி ஆயில்) என்று எழுதியிருப்பது போதாது, உங்கள் கியர்பெட்டி கேட்கும் வகையாக இருக்க வேண்டும்.

கணினி வைத்த கியர்பெட்டியில் பி0741 என்ற குறியீடு வந்தால் லாக்-அப் வழுக்குகிறது என்று கணினி நினைக்கிறது. ஹை ஸ்டால் போட்டபின் லாக்-அப் நிரலைத் திருத்தாமல் விட்டால், கன்வர்ட்டரில் எந்தக் குறையும் இல்லாமலே இந்தக் குறியீடு வரலாம்.

நிறுத்தினால், அல்லது டிரைவில் போட்டால் எஞ்சின் அணைகிறது

சிக்னலுக்கு வந்து நிற்கும்போது, கிளட்ச் மிதிக்காமல் நிறுத்திய வண்டியைப் போல அணைந்தால் லாக்-அப் விடுபடவில்லை. அதை இயக்கும் மின்வால்வான சாலினாய்டின் இணைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள், அணைவது நின்றால் காரணம் அங்கே. நின்ற இடத்தில் நியூட்ரலிலிருந்து டிரைவுக்குப் போடும்போது அணைந்தால், அதுவும் ஏசி ஓடும்போது என்றால், பெரிய கேம்ஷாஃப்டுக்கு (அதிகச் சுற்றில் சக்தி தரும்படி வால்வுகளைத் திறக்கும் தண்டுக்கு) இந்தக் கன்வர்ட்டர் இறுக்கமாக இருக்கிறது. ஐடிலை 900, 1,000 வரை ஏற்றிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஸ்டால் இன்னும் உயர வேண்டும்.

காலையில் முதல் முறை மட்டும் டிரைவ் பிடிக்கத் தாமதமானால், இரவில் ஆயில் கன்வர்ட்டரிலிருந்து அடித்தட்டுக்கு வடிந்திருக்கிறது. தொல்லைதான், ஆபத்தில்லை.

மாட்டியதிலிருந்து சீழ்க்கைச் சத்தம்

கன்வர்ட்டர் பம்புக்குள் முழுதாக உட்காரவில்லை என்ற அச்சத்தோடு எஞ்சினை உடனே அணையுங்கள். உள்ளே தள்ளும்போது அது மூன்று இடங்களில் பொருந்த வேண்டும்: உள்ளீட்டு தண்டு, ஸ்டேட்டர் தாங்கி, பம்பு. முழுதாக உட்கார்ந்தால், போல்ட் முடுக்கும் முன் கன்வர்ட்டருக்கும் எஞ்சின் பக்கத் தகடான ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். இடைவெளியே இல்லாமல் போல்ட்டால் இழுத்து மாட்டியிருந்தால் பம்பு முதல் ஓட்டத்திலேயே உடைந்திருக்கும். மாட்டும் முன் கன்வர்ட்டருக்குள் ஒரு லிட்டர் ஆயில் ஊற்றியிருக்கவும் வேண்டும்.

பந்தயத்தில் நேரம் குறையவில்லை

இருங்காட்டுக்கோட்டை போன்ற மூடிய தடத்தில் எடுத்த நேரச்சீட்டு கையில் இருந்தால் முதல் 18 மீட்டரைப் பாருங்கள். புறப்பாட்டில் எஞ்சின் தன் உச்ச முறுக்குவிசைச் சுற்றுக்குக் கீழேயே திணறினால் கன்வர்ட்டர் இறுக்கம். அதையும் தாண்டிப் பறந்து, வண்டி பின்தங்கி வந்தால் தளர்வு. சக்கரம் வெறுமனே சுற்றினால் டயரைப் பற்றிப் பேசுவோம், கன்வர்ட்டரை விட்டுவிடுங்கள். விளக்குக்காகக் காத்து நிற்கும்போது எஞ்சினை ஏற்றிப் பிடிப்பதையும் சில நொடிக்குள் வையுங்கள். மேலே சொன்ன 18 டிகிரிக் கணக்கு அங்கேயும் ஓடிக்கொண்டிருக்கும்.

முடிவுக்கோட்டில் இன்னொரு கணக்கு. 180 கிலோமீட்டர் வேகம், நேர்விகித (1:1) கியர், அதே டயர், அதே அச்சு என்றால் 5,400 சுற்று வர வேண்டும். டேகோமீட்டர் 5,800 என்றால் 7 சதவீத வழுக்கல், ஏற்றுக்கொள்ளலாம். 10-ஐத் தாண்டினால் கடைசி நூறு மீட்டரில் எஞ்சின் சக்தியை ஆயிலுக்குத் தானம் செய்கிறீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு கன்வர்ட்டரை மாற்றத்தான் வேண்டும் என்றால், "3,500 ஒன்று அனுப்புங்கள்" என்று கேட்காதீர்கள். வண்டியின் எடை, அச்சு விகிதம், டயர் விட்டம், கேம்ஷாஃப்ட் விவரம், எந்தச் சுற்றில் எவ்வளவு முறுக்குவிசை, வாரம் முழுதும் நகரில் ஓடுமா என்பதையெல்லாம் எழுதி அனுப்புங்கள். இவற்றைக் கேட்காமல் பணத்தை வாங்கிக்கொள்ளும் கடை வேண்டாம். பழைய கன்வர்ட்டர் உள்ளே நொறுங்கியிருந்தால் ஆயில் குழாய்களைக் கழுவலாம், ஆனால் தகடு அடுக்குக் கூலரில் சிக்கிய உலோகத் துகள் முழுதாக வெளியே வராது. கூலரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.